மூச்சை அளந்தோம், வாழ்க்கையை அளந்தோமா?

எங்கள் பகுதியில் அவரை எல்லோரும் "கச்சான் அம்மா" என்றுதான் அழைப்பார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் குளத்தோரமாக உள்ள ஒரு கிராமம் அவருடையது. 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். மூத்த மகன் காணாமற்போனவர். முகாமிலிருந்து திரும்பி வந்து மீளக்குடியேறிய பின்னர், எஞ்சியிருந்த ஒரே மகளைக் கச்சான் வறுத்து விற்றே வளர்த்தெடுத்தார். பாடசாலை வாசல், பஸ் தரிப்பிடம், கோயில் திருவிழா என்று அவருடைய பெட்டி போகாத இடம் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வருடமும் தவறாமல் போய்விடுவார். அந்த ஓர் இரவு வியாபாரம் இரண்டு மாதத்துச் செலவுக்குப் போதும் என்பார்.

2023 ஆம் ஆண்டு மாசி மாதம், நாங்கள் வழமையாகப் பெண்களை அழைத்துச் செல்லும் மார்பு நோய்க் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிச் சென்றேன். அப்போது அவருக்கு 58 வயது. மூன்று வருடமாக இருமல். காலையில் சளி. நடந்தால் களைப்பு. "தொய்வு பிள்ளை, எங்கட அம்மாவுக்கும் இருந்தது" என்று அவரே பெயர் வைத்திருந்தார். வைத்தியர் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்றும், ஆங்கிலச் சுருக்கத்தில் சி.ஓ.பி.டி. என்றும் சொன்னார். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 62 வீதம்தான் ஊத முடிந்தது. "நடுத்தர நிலை" என்று அட்டையில் எழுதினார்கள்.

பிறகு ஒரு தாளை என் கையில் தந்து, "மூக்குக் கண்ணாடி கொண்டு வரவில்லையாம். நீங்கள் வாசித்து நிரப்பிக் கொடுங்கள்" என்றார் தாதி. எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. தொல்லை கூடினால் புள்ளியும் கூடும். வெளியே வாகனம் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து பெண்கள் வரிசையில் இருந்தார்கள். நான் வேகமாக வாசித்தேன். அவரும் வேகமாகப் பதில் சொன்னார். இருமலுக்கு 3, சளிக்கு 2, நெஞ்சு இறுக்கத்துக்கு 1.

"மலை அல்லது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா அம்மா?"

அவர் சிரித்தார். "இங்கை எங்கை பிள்ளை மலை?"

0 என்று எழுதினேன்.

"வீட்டு வேலை செய்யக் கஷ்டமா?"

"என்ர வேலை நடக்குது." 1.

"வெளியில் போகப் பயமா?"

"நான் போறேல்லையே, பிறகென்ன பயம்?" 0.

நித்திரைக்கு 1, உடல் தென்புக்கு 1. மொத்தம் 9. பத்துக்குக் குறைந்தால் நோயின் பாதிப்பு குறைவு என்பது அந்தத் தாளின் கணக்கு. எனது குறிப்பேட்டிலும் "பாதிப்புக் குறைவு" என்று எழுதினேன். தொடர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் சேரவில்லை. அந்த வருடம் வாழ்வாதார உதவிக்குப் பெயர்களைத் தெரிவு செய்தபோதும் அதே குறிப்பைத்தான் பார்த்தேன்.

நான் செய்த பிழை எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் வைத்தியசாலை சொல்லவில்லை. ஒரு பாடசாலைதான் சொன்னது.

வரவேட்டில் தெரிந்த நோய்

ஐப்பசி மாதம் ஓர் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். தரம் 9 இல் படிக்கும் ஒரு மாணவி ஒரு தவணையில் 23 நாட்கள் வரவில்லை. "வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று ஒருக்காப் பாருங்கோ மிஸ்." விலாசத்தைக் கேட்டபோது அது கச்சான் அம்மாவின் வீடு. மாணவி அவருடைய பேத்தி.

நான் போனபோது காலை பத்து மணி. பிள்ளை கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை பஸ்ஸில் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவார். அம்மம்மா குசினிக்குள்ளே ஒரு கட்டிலில் இருந்தார். ஏன் கட்டிலைக் குசினிக்குள் போட்டீர்கள் என்று கேட்டேன். "அறையில இருந்து இஞ்சை வரப் பதினைஞ்சு அடி பிள்ளை. வந்தா, கொஞ்ச நேரம் கதைக்கேலாது. அதுதான் கட்டிலை இஞ்சை கொண்டு வந்திட்டம்."

அவருடைய தலைமுடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. கிளினிக்கில் சேலைத் தலைப்பால் மூடியிருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை. "தலை இழுக்கக் கையை மேல தூக்கினா மூச்சு வாங்குது. பேத்திதான் வெட்டி விட்டவள்." முற்றத்தைக் கூட்டுவது பேத்தி. தேங்காய் திருவுவது பேத்தி. கச்சான் வறுப்பதை நிறுத்தி ஒன்றரை வருடம். வற்றாப்பளைக்குப் போய் இரண்டு வருடம்.

"இதையெல்லாம் ஏன் அம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே பிள்ளை. வேலை நடக்குதோ எண்டு கேட்டாய். நடக்குதுதானே."

அவர் பொய் சொல்லவில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, பேத்தியின் கையால். வெளியில் போக அவருக்குப் பயம் இல்லை, ஏனென்றால் அவர் வெளியில் போவதே இல்லை. நோய் மெல்ல மெல்ல வளர, அவர் தன் வாழ்க்கையை மெல்ல மெல்லச் சுருக்கிக்கொண்டார். சுருங்கிய வாழ்க்கைக்குள் தொல்லை குறைவாகத்தான் தெரியும். நான் அந்தக் குறைவை அளந்து 9 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

குழாயில் ஊதும் கணக்கு

நெஞ்சுக் கிளினிக்குக்குப் போன சகோதரிகள் பலர் ஸ்பைரோமீற்றர் என்ற கருவியில் ஊதியிருப்பீர்கள். இதை உருவாக்கியவர் இலண்டன் வைத்தியர் ஜோன் ஹட்சின்சன். ஆண்டு 1846. மூச்சை நிறைய இழுத்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை இன்றைய கருவிகள் அளக்கின்றன. மூச்சுக் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் அந்த அளவு குறையும். நோய் இருக்கிறதா, என்ன நோய் என்று அறிய இந்தப் பரிசோதனை மிக அவசியம். சும்மா களைப்பு என்று விட்டுவிடாமல், வைத்தியர் ஊதச் சொன்னால் ஊதிப் பார்ப்பதே நல்லது.

ஆனால் அந்த எண் நுரையீரலைப் பற்றிச் சொல்கிறதே தவிர, ஆளைப் பற்றிச் சொல்வதில்லை. ஒரே அளவு ஊதும் இரண்டு பெண்களில் ஒருத்தி சந்தைக்குப் போய் வருவாள். மற்றவள் கட்டிலை விட்டு எழும்பமாட்டாள். ஊதும் அளவுக்கும் மனிதர் படும் பாட்டுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மனச்சோர்வு, தசைகளின் பலவீனம், தனிமை, வீட்டின் அமைப்பு, கைகொடுக்க ஆள் இருக்கிறதா என்பது, இவையெல்லாம் அந்தக் குழாய்க்குள் அகப்படுவதில்லை.

இந்த நோய் சிறிய நோயும் அல்ல. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. புகைத்தல் முக்கிய காரணம். ஆனால் கச்சான் அம்மா வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டவர் அல்ல. அவருடைய புகை அடுப்பிலிருந்து வந்தது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வீடுகளில் ஏழுக்கும் மேற்பட்டவை விறகில்தான் சமைத்தன. 2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டில், காஸ் அடுப்புக்கு மாறியிருந்த பலரும் மீண்டும் விறகுக்கு வந்தார்கள். கச்சான் அம்மாவின் வீடும் அதில் ஒன்று. தறப்பாள் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த நாட்களை எங்களில் யார் மறந்தோம்? பழைய காசநோயும் நுரையீரலில் இத்தகைய பாதிப்பை விட்டுச் செல்லக்கூடும். எது எவ்வளவு செய்தது என்று ஒருவருடைய நெஞ்சில் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் "நான் புகைக்கிறேல்லை, எனக்கு அந்த வருத்தம் வராது" என்று எந்தப் பெண்ணும் இருந்துவிடக் கூடாது.

வாழ்க்கைத் தரம் என்றால் என்ன?

எங்கள் நிவாரணப் படிவங்களில் "வாழ்க்கைத் தரம்" என்றால் கூரை ஓடா தகரமா, மலசலகூடம் உண்டா, மாத வருமானம் எவ்வளவு என்பதே. வைத்தியர்கள் அதே சொல்லை வேறு பொருளில் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தம்முடைய எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தம் வாழ்வைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம். அதை அளக்கும் வினாக்கொத்தை உருவாக்க உலகின் 15 நிலையங்கள் ஒரே காலத்தில் வேலை செய்தன. அவற்றில் ஒன்று சென்னை. ஆகவே தொடக்கத்திலேயே தமிழ் பேசும் மனிதர்களிடமும் கேட்டுத்தான் அந்தக் கேள்விகள் உருவாகின என்பதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

சுவாச நோய்க்கென்று தனியாகவும் வினாக்கொத்துகள் வந்தன. மிகப் பழையது மூச்சுத்திணறலுக்கு மட்டுமான ஓர் அளவுகோல். தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சு நோயை ஆராய்ந்த பிரித்தானிய வைத்தியர் சார்ள்ஸ் பிளெச்சர் 1950களில் அமைத்தது. இன்று அதில் 0 முதல் 4 வரை படிகள் உண்டு. கடும் வேலையில் மட்டும் மூச்சு வாங்கினால் 0. ஒத்த வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் 2. சுமார் 100 மீற்றர் நடந்ததும் நிற்க வேண்டி வந்தால் 3. உடுப்பு மாற்றவே மூச்சு வாங்கி, வீட்டை விட்டு வெளியேற முடியாவிட்டால் 4.

1987 ஆம் ஆண்டு கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கயட் குழுவினர் 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். மூச்சுத்திணறல், களைப்பு, மனநிலை, நோயைத் தன்னால் சமாளிக்க முடிகிறது என்ற உணர்வு ஆகிய நான்கையும் அது கேட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விடயம் உண்டு. எந்தெந்த வேலையில் மூச்சு வாங்குகிறது என்று அவர்களாக ஒரு பட்டியலைத் திணிக்கவில்லை. உங்களுக்கு முக்கியமான ஐந்து வேலைகளை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அந்த ஐந்தையும் வைத்தே அடுத்தடுத்த தடவைகளிலும் கேட்டார்கள்.

1992 இல் இலண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் போல் ஜோன்ஸ் குழுவினர் இன்னொன்றைத் தந்தார்கள். 50 கேள்விகள், மூன்று பகுதிகள். அறிகுறிகள் ஒன்று, செய்ய முடியாமற் போகும் காரியங்கள் இன்னொன்று, நோய் மனதிலும் சமூக வாழ்விலும் செய்யும் தாக்கம் மூன்றாவது. 0 என்றால் தொல்லை இல்லை, 100 என்றால் மிக மோசம். புள்ளி 4 அளவு குறைந்தாலே நோயாளி தன் வாழ்வில் ஒரு மாற்றத்தை உணர்வார் என்று கண்டார்கள். ஆனால் நெரிசலான கிளினிக்கில் 50 கேள்விக்கு நேரம் ஏது? அதனால் அதே போல் ஜோன்ஸும் மற்றவர்களும் 2009 இல் எட்டுக் கேள்வித் தாளை உருவாக்கினார்கள். சி.ஓ.பி.டி. அசெஸ்மென்ட் டெஸ்ட் என்பது அதன் பெயர். மொத்தம் 40 புள்ளி. நான் அவசரமாக நிரப்பிய தாள் அதுதான்.

2011 ஆம் ஆண்டு முதல், இந்த நோய்க்கான சர்வதேசச் சிகிச்சை வழிகாட்டி, ஊதும் எண்ணோடு நோயாளியின் சொல்லையும் சேர்த்துப் பார்க்கும்படி வைத்தியர்களைக் கேட்டு வருகிறது. அதாவது, நாங்கள் சொல்லும் பதில் மருந்தைத் தீர்மானிக்கும் ஒரு சாட்சியமாகிவிட்டது. அப்படியானால் அந்தப் பதில் எப்படிக் கேட்கப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம்!

மலையும் குளக்கட்டும்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஓர் அளவுகோலுக்கு இரண்டு குணம் வேண்டும் என்று படித்தோம். ஒன்று நம்பகம்: திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும். மற்றது தகுதி: எதை அளக்க நினைத்தோமோ அதைத்தான் அளக்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த வரி, குசினிக்குள் கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

வன்னியில் மலை இல்லை. எங்கள் கிராமங்களில் மாடி வீடும் அரிது. எங்களுக்கு ஏற்றம் என்றால் குளக்கட்டுத்தான். "குளக்கட்டில ஏறினா எப்பிடி இருக்கும்?" என்று நான் கேட்டிருந்தால் கச்சான் அம்மா சிரித்திருக்கமாட்டார்.

அதற்காகத் தாளில் உள்ள சொல்லை நாங்களே நினைத்தபடி மாற்றிவிட முடியுமா? முடியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டால் இன்றைய புள்ளியை நாளைய புள்ளியோடு ஒப்பிட முடியாது. ஒரு வினாக்கொத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுவர ஒழுங்கான முறை இருக்கிறது. மொழிபெயர்ப்பார்கள். வேறொருவரைக் கொண்டு அதை மீண்டும் மூல மொழிக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு நோயாளர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்பார்கள். அந்த வேலை எங்களுடையது அல்ல. ஆனால் தாளில் உள்ளபடி கேட்டுவிட்டு, ஆள் பதில் சொல்லத் தடுமாறினால், அவருடைய ஊரில் அதற்கு நிகரானது எது என்று விளங்கப்படுத்தலாம். பதிலை அவரே தெரிவு செய்யட்டும். அவர் சொன்ன வார்த்தையைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தியருக்குக் கொடுக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் படிவத்தால் களைத்த சனங்கள். முகாமில் ஒரு படிவம், மீள்குடியேற்றத்துக்கு ஒரு படிவம், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு படிவம், காணாமற்போனவர்களுக்காக எத்தனையோ படிவங்கள். ஒரு தாளைக் கண்டால் சிலர் உதவி வரும் என்று கூட்டிச் சொல்வார்கள். சிலர் "என்னத்தைச் சொல்லி என்ன" என்று குறைத்துச் சொல்வார்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் தான் ஒரு பாரம் என்று தெரியக் கூடாது என்பதற்காகச் சுகம் என்பார்கள். துயரத்தைச் சுமப்பவர்கள் மூச்சுத்திணறலையும் துயரத்தின் கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். கச்சான் அம்மாவும் சொன்னார்: "மகனை நினைச்சா வாற மூச்சு எண்டுதான் நான் நினைச்சிருந்தனான்."

அந்த மூச்சும் உண்மை, இந்த மூச்சும் உண்மை. நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. இரண்டுக்கும் உதவி உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மூடிவிடக் கூடாது.

இரண்டாவது தடவை

கார்த்திகையில் அவரை மீண்டும் அழைத்துச் சென்றேன். வைத்தியரிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இந்த முறை அவசரப்படாமல் செய்யுங்கள். இப்போது செய்வதை மட்டும் கேட்காதீர்கள், முன்பு செய்து இப்போது விட்டதையும் கேளுங்கள்" என்றார்.

மரத்தடி வாங்கில் இருந்து அரை மணி நேரம் எடுத்தோம். மூக்குக் கண்ணாடியும் வந்திருந்தது. முதலில், இந்தத் தாள் நிவாரணத்துக்கு அல்ல, மருந்துக்கு என்று விளக்கினேன். பிறகு அவரே விரலை வைத்துக் காட்டினார். இருமல் 3, சளி 3, இறுக்கம் 2, ஏற்றம் 5, வீட்டு வேலை 4, வெளியில் போவது 4, நித்திரை 3, தென்பு 4. மொத்தம் 28. இருபதுக்கு மேல் போனாலே பாதிப்பு அதிகம் என்று கொள்ளப்படுகிறது. அன்று ஊதிய அளவோ மாசியில் ஊதியதைப் போலவே 62.

எட்டு மாதத்தில் நோய் சற்றுக் கூடியிருக்கலாம். ஆனால் 9 க்கும் 28 க்கும் இடையில் இருந்த தூரத்தில் பெரும்பகுதி நான் கேட்ட விதத்தில் இருந்தது.

கனடாத் தாளின் முறையைப் போலவே, அவருக்கு முக்கியமான ஐந்து வேலைகளையும் சொல்லச் சொன்னோம். தண்ணீர் அள்ளுவது, தலை இழுப்பது, முற்றம் கூட்டுவது, கச்சான் வறுப்பது, வற்றாப்பளைக்குப் போவது. ஐந்தாவதைச் சொல்லும்போது அவருடைய குரல் தடுமாறியது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் சிறிய காரியங்கள். இன்ஹேலர் பம்பை அவர் அழுத்தும் நேரமும் மூச்சு இழுக்கும் நேரமும் பொருந்தவில்லை என்று தெரியவந்தது. மருந்து வாயிலேயே தங்கியிருக்கிறது. ஸ்பேசர் கொடுத்து மீண்டும் பழக்கினார்கள். மருந்தையும் மாற்றினார்கள். இயன் மருத்துவர் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடவும், இருந்துகொண்டு வேலை செய்யவும், நாளுக்கு நாள் நடையைக் கூட்டவும் சொல்லிக் கொடுத்தார். நுரையீரல் புனர்வாழ்வு என்று இதைச் சொல்வார்கள். 2015 இல் 65 ஆய்வுகளையும், அவற்றில் பங்குபற்றிய 3,822 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு, இப்பயிற்சி வாழ்க்கைத் தரத்தை நோயாளி உணரும் அளவுக்கு உயர்த்துகிறது என்று முடிவு சொன்னது. ஊதும் அளவு பெரிதாக மாறாமலே இது நடக்கிறது.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். அவருக்குப் பொதுவாகக் கொடுக்கும் கோழிகளைக் கொடுக்கவில்லை. கிணற்றுக்கு ஒரு சிறிய தண்ணீர் மோட்டார் கொடுத்தோம். அடுப்பைக் குசினிக்கு வெளியே, காற்றோட்டமான பத்திக்கு மாற்றினோம். கட்டில் மீண்டும் அறைக்குப் போனது.

ஆறு மாதம் கழித்து 2024 வைகாசியில் பார்த்தபோது ஊதும் அளவு 61. நுரையீரல் தேறவில்லை. எட்டுக் கேள்வித் தாளில் 28 ஆக இருந்தது 20 ஆகியிருந்தது. அந்தத் தாளில் 2 புள்ளி குறைந்தாலே கவனிக்கத்தக்க மாற்றம். அந்த வருடம் முதல் தவணையில் பேத்தி பாடசாலைக்குப் போகாத நாட்கள் மூன்று.

பொங்கலுக்கும் போனார். ஓட்டோவில் போய், இறங்கிய இடத்திலிருந்து நான்கு இடத்தில் இருந்து இருந்து நடந்தார். கச்சான் விற்கவில்லை. இனி வறுக்கும் புகைக்குள் நிற்க வேண்டாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது அவருக்குப் பெரிய இழப்புத்தான். அதற்கு ஈடாக என்னிடமும் எதுவும் இல்லை.

கிளினிக்குக்குப் போகுமுன்

சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் தாய்க்கோ நீண்ட நாள் இருமலும் களைப்பும் இருந்தால், போகுமுன் இவற்றை யோசித்து வையுங்கள்.

1. இரண்டு வருடத்துக்கு முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட வேலைகள் எவை? அவற்றை இப்போது வீட்டில் யார் செய்கிறார்கள்?

2. உங்களுக்கு முக்கியமான ஐந்து காரியங்கள் எவை? அவற்றில் எதில் மூச்சு வாங்குகிறது? அடுத்த முறையும் அதே ஐந்தையே சொல்லுங்கள்.

3. எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்கலாம்? மீற்றர் தெரியாவிட்டால் "படலையில் இருந்து கிணறு வரை", "கோயில் வாசல் வரை" என்று சொன்னால் போதும்.

4. தலை இழுக்கும்போது, குளிக்கும்போது, குனியும்போது எப்படி இருக்கிறது? இவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

5. பம்பைக் கையோடு கொண்டு போய், நீங்கள் பாவிக்கும் விதத்தைத் தாதியிடமோ வைத்தியரிடமோ செய்து காட்டுங்கள்.

6. மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். கேள்வி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

7. ஒரு வசனத்தை முடிக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால், உதடு நீலமானால், ஆள் மயங்கிப் புத்தி தடுமாறினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குப் போங்கள்.

என்னைப் போன்ற பணியாளர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. "கஷ்டமா?" என்று மட்டும் கேட்டால் எங்கள் பெண்கள் "இல்லை" என்பார்கள். அதற்கும் பெரிய கஷ்டங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த "இல்லை"யை அப்படியே எண்ணாக எழுதிவிட்டு எழும்பக் கூடாது. வீட்டுக்குப் போய்க் கட்டில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க நேரமில்லாத ஒருவர் உங்கள் முன்னால் தாளோடு வந்து நின்றால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். "கொஞ்சம் பொறு பிள்ளை, நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லுங்கள். கச்சான் அம்மா இப்போது என்னிடம் அப்படித்தான் சொல்கிறார்.